வாரின் மறுமுனை

வாரின் முனை கறுத்திருந்தது.

மெர்சி அதை விளக்கடியில் பிடித்துப் பார்த்தாள். நகத்தால் சுரண்டினாள். போகவில்லை. கறை தோலுக்குள் இறங்கியிருந்தது.

ஆம்பூரில் பதினோரு வருடமாக ஷூ கம்பெனியில் தைப்பவள் அவள். அந்தக் கறையை அவளுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. மரப்பட்டையில் பதனிட்ட தோல் ஈரத்தோடு இரும்பைத் தொட்டால் கறுக்கும். கத்தரிக்கோலைத் தோல்மேல் போட்டுவிட்டுச் சாப்பிடப் போகும் புதுப் பெண்களை சூப்பர்வைசர் அதற்காகத்தான் திட்டுவார். மனித வியர்வை பட்டால் தோல் பழுப்பாகும். இரும்பு பட்டால்தான் கறுப்பு.

அந்த வார் இரும்பைத் தொட வேண்டிய வேலையே இல்லை.

ஷூவின் உள்பக்கம் ஒட்டும் லைனிங் தோலில் வெட்டிய ஆறடி வார் அது. ஒரு முனை மகள் பெனிட்டாவின் கணுக்காலில் இருக்கும். மறுமுனை விழித்திருப்பவரின் மணிக்கட்டில். ஏழு வயது பெனிட்டாவுக்கு வலிப்பு வருவது தூக்கத்தில்தான். சத்தம் இருக்காது, கால் மட்டும் உதறும். வார் இழுத்ததும் எழுந்து அவளை ஒருக்களித்துப் படுக்க வைக்க வேண்டும், வாயைத் துடைக்க வேண்டும், கடிகாரம் பார்க்க வேண்டும், ஐந்து நிமிடம் தாண்டினால் மூக்கில் மருந்து அடிக்க வேண்டும். பத்திலிருந்து இரண்டு வரை மெர்சி. இரண்டிலிருந்து ஆறு வரை கணவன் டேனியல். வலிப்பு வந்ததா என்று காலையில் நோட்டில் எழுதுவார்கள்.

இரண்டு மாதமாக நோட்டில் ஒரே சொல்தான். இல்லை. அதைப் பார்த்துத்தான் வேலூர் டாக்டர் மருந்தைக் குறைத்தார்.

மெர்சி மகளின் தலையணையைத் திருப்பினாள். எச்சில் காய்ந்த வட்டம். அதன் நடுவில் இளஞ்சிவப்பு. நாக்கைக் கடித்திருக்கிறாள்.

அன்று இரவு இரண்டு மணிக்கு வாரை டேனியலிடம் கொடுத்துவிட்டுத் தூங்குகிறவள்போல் படுத்தாள். மழை விட்டிருந்தது, ஓட்டிலிருந்து வாளியில் சொட்டும் தண்ணீரும், பாலாற்றுப் பக்கமிருந்து காற்றோடு வரும், தோல் பதனிடும் டேனரியின் புளித்த சுண்ணாம்பு வாடையும், தூரத்தில் பெங்களூர் ரயில் கடக்கும்போது அலமாரிப் பாத்திரங்கள் ஒன்றோடொன்று மெல்ல உரசும் ஓசையும், எல்லாவற்றுக்கும் அடியில் பெனிட்டாவின் மூச்சும் கேட்டன. அவள் அந்த மூச்சை எண்ணிக்கொண்டிருந்தாள். நூற்றைம்பதில் பாய் சரசரத்தது.

டேனியல் எழுந்தான். மணிக்கட்டிலிருந்து வாரை அவிழ்த்தான். பெயின்ட் உரிந்த ஜன்னல் கம்பியில் கட்டினான். சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தான். இரண்டு நிமிடத்தில் குறட்டை வந்தது.

வேறொருத்தியிடம் போயிருந்தால்கூட அவளுக்கு இவ்வளவு எரிந்திருக்காது. அவன் தூங்கினான். ஆறு வருடமாக இரண்டு பேரும் அரை வயிற்றுக்குப் பங்கிட்டு உண்ட தூக்கத்தை, அவன் தனியே ஒளிந்து தின்றுகொண்டிருந்தான்.

விளக்கைப் போட்டாள்.

"எத்தினி நாளா?"

டேனியல் கண்ணைக் கசக்கினான். கம்பியைப் பார்த்தான். "ரெண்டு தபா. இன்னியோட மூணு."

"கறை அஞ்சு சுத்து இருக்கு. எண்ணிப் பாரு."

அவனிடம் அவள் அதுவரை ஒருமையில் பேசியதில்லை. அவன் அதைக் கவனித்தான்.

"கர்த்தர் அறிய மூணுதான், மெர்சி. நேத்து டேனரில தோல் சுத்துற டிரம்முகிட்ட நின்னுக்கினே தூங்கிட்டேன். கூட வேலை செய்ற மஹபூப் பாய் சட்டையப் புடிச்சு இழுக்கலன்னா கை உள்ள போயிருக்கும்."

"புள்ளைக்கு வந்தா? கம்பி எறங்கி வந்து பொரட்டிப் போடுமா?"

அவன் எழுந்து கம்பியிலிருந்து வாரை அவிழ்த்தான்.

"கலவை ஊருக்கே போ. உங்க அக்கா ஊட்ல போயி நல்லா காலை நீட்டித் தூங்கு."

விடிந்ததும் அவன் பையை எடுத்தான். வாசலில் நின்றான். "நோட்டுல 'இல்ல'ன்னு நான் மட்டுமா எழுதுனேன்?" என்றான். அவள் கதவைச் சாத்தினாள்.

கம்பெனிக்கு லீவு சொன்னாள். புது வார் வெட்டினாள். பால் கலந்த டீயின் நிறம், ஒரு புள்ளி இல்லை. இரவானதும் தாழ்ப்பாள் போட்டு, ஒரு முனையை மகளுக்கும் ஒரு முனையைத் தன் இடது மணிக்கட்டுக்கும் கட்டினாள். வாளித் தண்ணீரில் காலை வைத்து உட்கார்ந்தாள். பச்சைமிளகாய் கடித்தாள். பத்திலிருந்து ஆறு வரை. பகலில் மகள் பள்ளிக்குப் போனதும் தூங்கலாம் என்று நினைத்தாள். பகலில் தூக்கம் வரவில்லை. எப்போது பள்ளியிலிருந்து போன் வருமோ என்று போனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

இரண்டாம் நாள் குழாயடியில் பக்கத்து வீட்டு கௌசர் அவள் குடத்தை வாங்கிப் பிடித்தாள்.

"இன்னாடி, மூஞ்சியக் கண்ணாடில பாத்தியா? ஊர்ல இருக்கிற பேயெல்லாம் உன்னப் பாத்து ஓடிடும்."

"தூக்கம் கம்மிக்கா."

"ஊட்டுக்காரரத் தொரத்திட்டு ஒண்டியா பேஜாராவுற. ஒரு ராத்திரி எங்கிட்ட உடு. மூணு பெத்தவடி நானு."

"உங்களுக்குத் தெரியாதுக்கா."

"தெரியாதுதான். கத்துக் குடேன்."

மெர்சி குடத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டாள். பெற்றவனே கம்பியில் கட்டிவிட்டுத் தூங்கினான். இவள் யார்?

மூன்றாம் நாள் காலை மணிக்கட்டிலிருந்து வாரை அவிழ்த்தாள்.

முனையில் ஒரு கறுப்பு வளையம்.

வெகுநேரம் அதையே பார்த்தாள். பிறகு கதவுக்குப் போனாள். தாழ்ப்பாள் போட்டபடி இருந்தது. பின்கதவும் அப்படியே. டேனியலுக்குப் போன் செய்தாள். அவன் அக்காதான் எடுத்தாள். "இங்கதான் தூங்கினு கீறான். ரெண்டு நாளா எழுப்பினாலும் எழுந்துக்க மாட்றான். இன்னாத்துக்கு, எழுப்பட்டா?"

"வேணாம்."

நான்காம் நாள் இரண்டு வளையம். தலையணையில் இளஞ்சிவப்பு, முன்னைவிட அகலமாக. பெனிட்டா பல் துலக்கும்போது அழுதாள். "நாக்கு எரியுதும்மா."

"ராத்திரி முழுக்க அம்மா முழிச்சினுதான் இருந்தேன், கண்ணு. ஒண்ணும் வரல."

பெனிட்டா அவளை நிமிர்ந்து பார்த்தாள். எட்டிப் போய் நின்றுகொண்டாள்.

மெர்சி நோட்டை எடுத்தாள். அன்றைய தேதி ஏற்கெனவே எழுதியிருந்தது. எதிரே, இல்லை. அவள் கையெழுத்து. எழுதியது நினைவில்லை. முந்தின பக்கத்தைப் புரட்டினாள். அதற்கு முந்தின பக்கத்தையும். அந்த 'இல்லை'களில் டேனியலின் கையெழுத்து பாதிகூட இல்லை; மற்றவை அவளுடையவை.

அன்று இரவு முடிச்சுப் போடவில்லை. தைத்தாள்.

வாரை மணிக்கட்டைச் சுற்றி இறுக்கி, தடித்த ஊசியும் நைலான் நூலும் எடுத்து, அங்குலத்துக்கு எட்டுத் தையல் வீதம், ஏற்றுமதி ஷூவுக்குத் தைப்பதுபோல் இரண்டு வரிசை ஓட்டினாள். கத்தரிக்கோல், அரிவாள்மனை, பிளேடு எல்லாவற்றையும் பையில் போட்டுக் கௌசர் வீட்டு வாசலில் வைத்துவிட்டு வந்தாள். இப்போது வெட்டினால்தான் வரும். வெட்ட ஒன்றுமில்லை.

விளக்கை அணைக்கவில்லை.

பதினொன்று. பன்னிரண்டு. சொட்டும் ஓசை. மூச்சு. ஒன்று. ரயில். பாத்திரங்கள் உரசின. நின்றன. டேனரி வாடை அறைக்குள் வந்து தங்கியது.

இரண்டு அடித்தது.

அவள் விழித்திருந்தாள். அதில் சந்தேகமே இல்லை. விளக்கு தெரிந்தது. விளக்கைச் சுற்றிய ஈசல் தெரிந்தது. பெனிட்டாவின் கணுக்கால் தெரிந்தது.

மடியில் ஏதோ நகர்ந்தது.

அவளுடைய வலது கை.

குனிந்து பார்க்க நினைத்தாள். கழுத்து திரும்பவில்லை. கண் மட்டும் இறங்கியது. கையில் ஊசி இருந்தது. ஊசியை வெளியே வைக்க மறந்திருந்தாள். கை முதல் தையலுக்கு அடியில் ஊசிமுனையை நுழைத்தது. நெம்பியது. நூல் எழும்பியது. அடுத்த தையல். பிழையாகத் தைத்த ஷூ ஜோடியைப் பிரித்துப் போடும் வேலை. பதினோரு வருடம் செய்த வேலை. தோலில் ஒரு கீறல் விழாமல். அவசரமில்லாமல்.

வேண்டாம் என்றாள். உதடு அசையவில்லை.

முதல் வரிசை முடிந்தது.

இரண்டாவது வரிசை.

வார் மணிக்கட்டைவிட்டு வழுக்கியது. கை அதை எடுத்தது. அவளையும் எழுப்பிக்கொண்டு ஜன்னலுக்கு நடந்தது. கால்கள் போயின. வாளித் தண்ணீர் தரையில் சொட்டியது. கம்பியைச் சுற்றி ஒரு சுற்று. முடிச்சு.

பாய்க்குத் திரும்பியது. அவளைப் படுக்க வைத்தது. ஒருக்களித்து.

கட்டிலில் பெனிட்டாவின் மூச்சு நின்றது.

வார் விறைத்தது.

கம்பி அதிர்ந்தது. கட. கட. கடகட. பெயின்ட் செதில்கள் உதிர்ந்தன. எழு. அவள் உள்ளுக்குள் கத்தினாள். எழு, எழு, பெனி, பெனி. இமைகள் கனத்தன. இறங்கின.

வலது கை அவள் தோளுக்கு வந்தது. குழந்தையைத் தூங்க வைப்பதுபோல் மெல்லத் தட்ட ஆரம்பித்தது. கம்பி அதிரும் அதே கதியில்.