லென்ஸ்மன் சொல்ல வந்தது

கதவுக்கு அடியில் தெரிகிற வெளிச்சக் கோட்டில் இரண்டு இடம் கறுத்திருந்தது. யாரோ வாசலில் நின்றார்கள். மணியை அடிக்கவில்லை. சத்தியபாமா வெங்காயம் அரிந்த கத்தியைக் கையிலேயே வைத்துக்கொண்டு அந்தக் கோட்டைப் பார்த்தபடி நின்றாள்.

பின்னேரம் மூன்றரை மணி. டிசம்பர் மாத ஒஸ்லோவில் அதற்குள் இருட்டிவிடும். ஹவுகன்ஸ்டுவா அடுக்குமாடியின் ஆறாம் மாடியில் லிஃப்ட் வந்து நின்றால் அதன் கதவு இழுபடும் கிறீச்சொலி அடுப்படிவரை கேட்கும், படியேறி வந்தால் சப்பாத்திலிருந்து பனியைத் தட்டும் சத்தம் கேட்கும். இன்று ஒன்றும் கேட்கவில்லை. மணம் மட்டும்தான் வந்தது. நனைந்த கம்பளி மணம், அதோடு கற்பூரம் கலந்த களிம்பு மணம். அந்தக் களிம்பை இரண்டு வருடமாகத் தன் கையாலேயே ஒருவரின் முதுகில் பூசிவந்தவள் அவள். அவர் செவ்வாய்க்கிழமை செத்துப்போனார்.

இன்று வியாழன்.

கதவில் தட்டு விழுந்தது. மூன்று தரம், விரல் முட்டியால், மெதுவாக.

அவர் பெயர் ஹல்வோர். சத்தியபாமா வேலைசெய்யும் முதியோர் இல்லத்தில் பதினொன்றாம் அறைக்காரர். வாலிபத்தில் ஐ.நா. படையோடு லெபனானுக்குப் போனவர். அங்கே கண்ணிவெடியில் ஒரு சிறுமி செத்தபோது, வீட்டுக்குச் சொல்ல இவரைத்தான் அனுப்பினார்களாம். பாஷை தெரியாது. தொப்பியைக் கழற்றிக்கொண்டு வாசலில் நின்றார், தாய்க்கு விளங்கிவிட்டது. நாடு திரும்பி ஒரு மலைப்பள்ளத்தாக்கில் லென்ஸ்மன் ஆனார். சுற்றுவட்டாரக் கிராமங்களுக்கெல்லாம் ஒரே பொலிஸ் அதிகாரி என்று வைத்துக்கொள்ளலாம். முப்பத்தொரு வருடத்தில் அவர் கள்ளரைப் பிடித்தது சொற்பம், சாவுச் செய்தி கொண்டுபோனதுதான் அதிகம்.

“ஒருமுறைகூட ஆள் மாறிச் சொன்னதில்லை” என்பார், களிம்பு பூசும்போது. “தனியே இருப்பவரிடம் சொல்லவும் மாட்டேன். பக்கத்தில் பிடித்துக்கொள்ள ஒருவர் வேண்டும். அதுவரை வாசலில் நிற்பேன். ஒரு தடவை ஆறு மணித்தியாலம் பனிக்குள் நின்றேன்.”

ஞாயிறுகளில் அவருடைய மகள் வந்து சக்கரநாற்காலியில் வெளியே கூட்டிப்போவாள். ஒவ்வொரு முறையும் சத்தியபாமா தமிழிலேயே, போய்த் திரும்பி வரச்சொல்லி, வழியனுப்புவாள். அந்தப் பழக்கந்தான் வினையாகிவிட்டது. செவ்வாய்க்கிழமை அவரைக் குளிப்பாட்டி, இந்த நாட்டு வழக்கப்படி உயிர் வெளியேற யன்னலைத் திறந்துவிட்டு, பிரேதத்தை லிஃப்டுக்குள் தள்ளும்போது அவள் வாய் தானாகச் சொல்லிவிட்டது: “போட்டு வாங்கோ.”

செத்தவீட்டில் போட்டு வாறன் என்றுகூடச் சொல்லாமல் எழும்பி வருகிற ஆட்கள் நாங்கள்.

“அக்கா, பிரேதத்துக்கு ஆரும் அப்பிடிச் சொல்லுவினமே?” என்றாள் கூட வேலைசெய்யும் ஜெனிதா. இருவரும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள்.

இப்போது சிரிப்பு வரவில்லை. கதவின் கண்ணாடித் துளையில் கண்ணை வைத்தாள். ஹல்வோர்தான். அவள் சவரம் செய்துவிட்ட கன்னம். மொட்டைத் தலையில் பனி, உருகாத பனி. தொப்பி கையில் இருந்தது.

அவள் புருஷன் பிலேந்திரன் காலையிலிருந்து துரொண்ட்ஹெய்ம் பக்கமிருந்து லொறி ஓட்டிக்கொண்டு வருகிறார். அவரையும் “போட்டு வாங்கோ” என்றுதான் அனுப்பியிருந்தாள். அழைத்தாள். தொலைபேசி மணி அடித்து ஓய்ந்தது. மறுபடி அழைத்தாள். எடுக்கவில்லை.

தனியே இருக்கும்வரை சொல்லமாட்டார். அது ஒன்றுதான் அவள் கையில் இருந்தது. சொல்லாத வரைக்கும் அவள் புருஷனுக்கு ஒன்றும் ஆகவில்லை. மகளை அழைத்தாள்.

“மிதுனா, வீட்டை வராதை. ஜெனிதா அன்ரி வீட்டை போ.”

“ஏனம்மா? நான் ரெயினால இறங்கி வந்திட்டன். லிஃப்டுக்க நிக்கிறன்.”

லைன் அறுந்தது. கிறீச்சொலி கேட்டது. சத்தியபாமா ஓடிப்போய்ச் சங்கிலியை மாட்டினாள். வெளியே மிதுனா நோர்வேஜிய மொழியில் யாரோடோ மரியாதையாகக் கதைப்பது கேட்டது. பிறகு சாவி திரும்பியது. கதவு நான்கு விரலளவு திறந்து சங்கிலியில் இடித்தது.

“அம்மா, சங்கிலியை எடுங்கோ. வயசான ஒராள் பாவம், குளிருக்க நிக்கிறார். உங்களைத் தெரியுமாம்.”

“நீ மட்டும் உள்ளுக்க வா.”

“என்னம்மா கதைக்கிறியள்?”

பிள்ளையின் தோளுக்குப் பின்னால் அந்த முகம். எவ்வளவு நேரம் பிள்ளையை அவரோடு வெளியே விட்டுவைப்பது? சங்கிலியை எடுத்தாள். வேறு என்ன செய்வாள்.

அவர் வந்து சோபாவில் அமர்ந்தார். தொப்பியை முழங்காலில் வைத்தார். களிம்பு மணம் அறையை நிறைத்தது.

அப்போது கைத்தொலைபேசி அடித்தது. பிலேந்திரன்.

“என்ன, கோல் எடுத்தனீரோ? கீழ வந்திட்டன். மேல வாறன்.”

சத்தியபாமாவுக்கு அழுகையும் ஆறுதலும் சேர்ந்து வந்தன. கிழவனுக்கு ஆள் மாறிவிட்டது. முதல் தடவையாக மாறிவிட்டது. அவள் ஹல்வோரைப் பார்த்துக் கிட்டத்தட்டச் சிரித்தாள்.

அவர் சிரிக்கவில்லை.

“இருவரும் பக்கத்தில் பக்கத்தில் உட்காருங்கள்” என்றார். “பிலேந்திரன். இன்று மதியம் ஒன்று இருபதுக்கு. மலைச்சாலையில், எதிரே வந்த லொறியோடு. உடனேயே போய்விட்டார்.”

மிதுனா தாயைப் பார்த்தாள். “அப்பா இப்பதானே கதைச்சவர்?”

நடையில் காலடி. தெரிந்த காலடி. இடது கால் சற்று இழுபடும்.

“மிதுனா, திறவம்மா.”

மிதுனா எழுந்தாள். சத்தியபாமா அவள் மணிக்கட்டைப் பிடித்தாள். சங்கிலி போடவில்லை என்பது நினைவுக்கு வந்தது. எழ முடியவில்லை.

பூட்டு திரும்பியது.

கதவு மெல்லத் திறந்தது. அதன் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு நான்கு விரல்கள் உள்ளே வந்தன. மோதிரம் அவருடையதுதான். நகக்கண்களில் எல்லாம் லொறிக் கண்ணாடித் துகள்கள் குத்தி நின்றன.