பொருந்தாத கைரேகை

அன்று அந்தக் கட்டுப்பாட்டு அறையில் ஏழு பேர் இருந்தார்கள். பின்னால் ஆளுக்கொரு விதமாகச் சொல்லக்கூடும் என்பதால் பெயர்களை முதலிலேயே சொல்லிவிடுவது முறை. கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் உள்ள அந்த இரும்பு ஆலையின் மேலாளர் சரவணகுமார். பராமரிப்புப் பொறுப்பாளர் அன்புசெல்வன். துப்புரவுப் பணியாளர் கன்னியம்மா. எரிவாயுக் குழியில் இறந்த ஒப்பந்தத் தொழிலாளி கோபாலின் மனைவி செண்பகம். அதே குழியில் இறந்த ஆபரேட்டர் ஆதிகேசவனின் அண்ணன், திருவாலங்காடு வரதன். வரதன் அழைத்து வந்த கிரேஸ். கிரேஸின் உதவியாளர் இம்மானுவேல். வேறு யாரும் இல்லை.

கிரேஸ் ஆலைகளின் கட்டுப்பாட்டுக் கணினிகளைச் சோதித்து அறிக்கை தருபவர். செவ்வாப்பேட்டை ரயில் நிலையத்துக்கு எதிரே ஒரு மாடியில் அவருடைய அலுவலகம். திங்கட்கிழமை வரதன் அங்கே வந்தார். கொடுத்த தண்ணீரைத் தொடவில்லை. நாற்காலியில் சாயாமல் நிமிர்ந்து உட்கார்ந்து, நிர்வாகம் அனுப்பியிருந்த கடிதத்தை மேசையில் வைத்தார்.

விஜயதசமி அன்று, புதன்கிழமை, குழியில் நச்சு வாயு கசிந்து இருவர் இறந்தனர் என்றது கடிதம். உணர்கருவிப் பெட்டியின் பாதுகாப்புச் சான்றிதழ் காலாவதியாகிவிட்டதால் கணினி அதன் இணைப்பை மறுத்தது. அதனால் அபாயச் சங்கு ஒலிக்கவில்லை. சான்றிதழைப் புதுப்பிக்காமல் விட்டதும், திரையில் வந்த எச்சரிக்கையை ஏற்காமல் தள்ளிவிட்டதும் ஆதிகேசவன். கோபால் அனுமதிச் சீட்டு இல்லாமல் குழியில் இறங்கினார். அவ்வளவுதான் கடிதம்.

"எங்க குடும்பத்துல யாரும் எடுத்த வேலைய பாதில உட்டதில்லம்மா," என்றார் வரதன். "செத்தவன் எழுந்து வந்து பதில் சொல்ல மாட்டான்னு எழுதிக்கீறாங்க. அவன் மேல தப்புன்னா என் மூஞ்சிக்கு நேரா சொல்லுங்க. தலைய குனிஞ்சிக்கினு போறேன். தப்பு இல்லன்னா இந்தத் தாள மாத்தணும். அவனுக்குப் பொண்ணு இருக்குது. நாளைக்கி அது எந்த ஊட்டுக்குப் போனாலும் இந்தத் தாளும் கூடவே போவும்."

கிரேஸ் கடிதத்தை இரண்டு முறை படித்தார். பிறகு அந்தச் சான்றிதழ் என்ன என்று எளிமையாக விளக்கினார். பெட்டி தன்னைப் பற்றித் தானே எழுதி, தானே கையெழுத்திட்டுக்கொள்ளும் அடையாளச் சீட்டு அது. மேலே உறுதி சொல்ல ஓர் அதிகாரி கிடையாது. ஒரு மனிதர் பெட்டியை நேரில் பார்த்து, இதுதான் என்று கணினியில் ஒருமுறை சேர்த்துவைக்க வேண்டும். அதன்பின் கணினி அந்தச் சீட்டை மட்டுமே நம்பும். பெட்டி வேறு சீட்டை நீட்டினால் கதவைச் சாத்திக்கொள்ளும்.

"அப்போ சீட்டு ஏன் மாறிச்சின்றதுதான் கேள்வி," என்றார் இம்மானுவேல். அவருக்கு ஐம்பது வயது. முப்பது வருட எலக்ட்ரீசியன். எந்த வழக்கையும் முதல் பத்து நிமிடத்தில் முடித்துவிடத் துடிப்பவர்.

"மாறிச்சான்னே இன்னும் தெரியாது," என்றார் கிரேஸ்.

ஆலைக்குப் போனது வியாழக்கிழமை. தன் பக்கம் உறுதி என்று நம்பிய சரவணகுமார் தடை சொல்லவில்லை. கணினித் திரையில் எச்சரிக்கை இன்னும் நின்றது. பெட்டி காட்டிய சான்றிதழின் காலம் 2000 ஜனவரி முதல் தேதியில் தொடங்கி 2009 டிசம்பரில் முடிந்திருந்தது.

"பாத்துக்கோங்க மேடம். எக்ஸ்பயர் ஆயி எத்தன வருஷம். தெனமும் இந்தத் திரை முன்னாடி உக்காந்துக்கினு இருந்தவரு பாத்திருக்க வேணாமா? எச்சரிக்கை வந்தப்பவாவது அக்செப்ட் பண்ணியிருந்தா சங்கு ஊதியிருக்கும். ரெண்டு உசுரு போயிருக்காது," என்றார் சரவணகுமார்.

செண்பகம் தரையைப் பார்த்தபடி நின்றார்.

திரைக்குப் பக்கத்தில் பிளாஸ்டிக் உறையிட்ட தாள் ஒன்று ஒட்டியிருந்தது. அதில் எழுத்தும் எண்ணுமாக நீண்ட ஒரு வரி. சான்றிதழின் கைரேகை என்று அதைச் சொல்வார்கள்; ஒரு சான்றிதழுக்கு இருப்பது இன்னொன்றுக்கு இருக்காது. கீழே, 'பொருந்தாவிட்டால் ஏற்காதே. பராமரிப்புக்குச் சொல்' என்று ஆதிகேசவன் தன் கையால் எழுதியிருந்தார். திரையில் இருந்த கைரேகை தாளில் இருந்ததோடு பொருந்தவில்லை.

இம்மானுவேல் கிரேஸின் காதருகே வந்தார். "அக்கா, கேட்டுல கல்வெட்டு பாத்தீங்களா? ஆலை தொறந்ததே 2014லதான். ஆலைக்கு முன்னாடியே பொறந்த சான்றிதழாம்."

கிரேஸ் தலையை மட்டும் அசைத்துவிட்டுக் குழிக்கு நடந்தார்.

உணர்கருவிப் பெட்டி குழியின் பக்கச் சுவரில் இருந்தது. விபத்துக்குப் பின் யாரும் தொடக்கூடாது என்று சுற்றிலும் நாடா கட்டியிருந்தார்கள். பெட்டிக்கான மின்சாரத்தை மட்டும் யாரும் நிறுத்தவில்லை; பூஜைக்குப் பின் அது தடையில்லாமல் போய்க்கொண்டிருந்தது. ஆயுத பூஜைக்கு வைத்த சந்தனப் பொட்டு பெட்டியின் முகப்பில் காய்ந்திருந்தது. கிரேஸ் குனிந்து பார்த்தார். பொட்டின் நடுவே குண்டூசி அளவில் ஓர் ஓட்டை. அதன் ஓரத்தில் சந்தனம் பொருக்காக உடைந்திருந்தது.

பொட்டு வைத்தது யார் என்று கேட்டார். கன்னியம்மா முன்னால் வந்தார். "நான்தாம்மா. செவ்வாக்கெழம மூணு மணிக்குப் பூஜ. மெயினை ஆஃப் பண்ணிட்டுத்தான் எல்லா மெஷினுக்கும் வெச்சேன். கட்ட வெரலால அப்பி வெச்சா ஓட்டை எப்படிம்மா வரும்? அப்புறம் நாலே முக்காலுக்குள்ள கரண்டு உட்டாங்க."

பெட்டியின் சிறு திரையில் கடிகாரம் ஓடியது. அது காட்டிய நேரம் 2000 ஜனவரி ஒன்பது, மாலை ஆறு நாற்பது. கிரேஸின் கைக்கடிகாரத்தில் காலை பதினொன்று இருபது. இரண்டையும் குறித்துக்கொண்டார்.

"அந்தக் கடிகாரம் சும்மா மேடம்," என்றார் அன்புசெல்வன். "உள்ள பேட்டரி செத்து ரெண்டு வருஷம் ஆவுது. கரண்ட் போனா 2000க்குப் போயிடும். அத யாரும் பாக்கறதில்ல."

"நல்லது," என்றார் கிரேஸ்.

குழியின் இரும்புக் கதவு, தீயணைப்புப் படையினர் திறந்தபடியே, சுவரோடு சுவராக மடிந்து கிடந்தது. கிரேஸ் சொன்னதும் இம்மானுவேல் அதை இழுத்துச் சாத்தினார். வெளிப்புறத்தில் சுண்ணக்கட்டியால் எழுதிய வரிகள் தெரிந்தன. ஆறரை மணி, பூஜ்யம். ஏழு மணி, பூஜ்யம். அரை மணிக்கு ஒரு முறை எடுத்த வாயு அளவு. பத்தரைக்கு நாற்பது. பதினொன்றுக்கு நூற்றெண்பது. அதன் கீழே பெரிய எழுத்தில், 'யாரும் இறங்க வேண்டாம்.'

வரதன் நெருங்கிப் பார்த்தார். "என் தம்பி கையெழுத்து," என்றார்.

இம்மானுவேல் மட்டும் குழியருகே நிற்க, மற்றவர்கள் கட்டுப்பாட்டு அறைக்குத் திரும்பினார்கள். கிரேஸ் முதலில் செய்தது யாரும் எதிர்பாராத காரியம். சரவணகுமாரிடம் ஒப்புதல் வாங்கிக்கொண்டு, திரையிலிருந்த சான்றிதழைத் தானே ஏற்றார். எச்சரிக்கை மறைந்தது. பச்சை விளக்கு எரிந்தது. வாயு அளவு பூஜ்யம் என்று காட்டியது. பிறகு கைப்பேசியில் இம்மானுவேலுக்குச் சொன்னார். அவர் குழியருகே உணர்கருவியின் மூக்கில் சோதனை வாயுவைத் திறந்துவிட்டார். ஒரு நிமிடம் ஆயிற்று. இரண்டு நிமிடம் ஆயிற்று. திரையில் பச்சை மாறவில்லை. பூஜ்யம் பூஜ்யமாகவே நின்றது. சங்கு ஊதவில்லை.

"ஆதிகேசவன் அக்செப்ட் பண்ணியிருந்தா இதத்தான் பாத்திருப்பாரு," என்றார் கிரேஸ். "பெட்டிய யாரோ ஃபேக்டரி ரீசெட் பண்ணியிருக்காங்க. பழைய சான்றிதழ் அழிஞ்சி புதுசு வந்திடுச்சி. அதோட, உணர்கருவி எந்த ஒயர்ல இருக்குன்றதும் பெட்டிக்கு மறந்துபோச்சி. கேட்டா எப்பவும் பூஜ்யம்னு சொல்லும். அந்தப் பெட்டிய நம்பாம இருந்ததுதான் சரி. அவரு நம்பல. வாயு அளக்கற மீட்டரக் கையில எடுத்துக்கினு தானே போயிப் பாத்துக்கினு இருந்தாரு."

இம்மானுவேல் மூச்சிரைக்கத் திரும்பி வந்திருந்தார். "அந்த ரீசெட் பட்டன்தான் சந்தனத்துக்கு அடியில இருக்கற ஓட்டை. ஊசி உட்டு அமுக்கணும். பூஜைக்கு அப்புறம்தான் அமுக்கியிருக்காங்க."

"எப்போன்னும் சொல்லலாம்," என்றார் கிரேஸ். "கரண்ட் வந்ததும் பெட்டியோட கடிகாரம் 2000 ஜனவரி ஒண்ணுல ஆரம்பிக்கும். தேதி தப்பு. ஆனா ஓடறது தப்பில்ல. இன்னிக்கி பதினொண்ணு இருபதுக்கு எட்டு நாளு, பதினெட்டு மணி, நாப்பது நிமிஷம் ஓடியிருந்திச்சி. பின்னால எண்ணிப் பாருங்க. செவ்வாய் சாயங்காலம் நாலு நாப்பது. சான்றிதழ்ல இருக்கற நேரப்படி, அது பொறந்தது மூணு நிமிஷம் கழிச்சி. அது காலாவதியான பழைய சான்றிதழ் இல்ல. பெட்டிக்கு வருஷம் தெரியாததால, பொறக்கும்போதே காலாவதி. ஆதிகேசவன் அன்னிக்கி லீவு. மறுநாள் காலையில ஆறு மணிக்குத்தான் உள்ள வந்தாரு."

சரவணகுமார் ஏதோ சொல்ல வாயெடுத்தார். கிரேஸ் நிறுத்தவில்லை.

"ரீசெட்டுக்கு அப்புறம் இன்னிக்கி வரைக்கும் ஒரே ஒரு கைப்பேசிதான் அந்தப் பெட்டியோட சேந்து அளவப் பாத்திருக்கு. பெட்டி எழுதி வெச்சிக்கிது. ரெண்டு தடவ. மொதல்ல, செவ்வாக்கெழம ரீசெட் பண்ண ஆறாவது நிமிஷம். அடுத்தது, கடிகாரம் ஓட ஆரம்பிச்ச பதினெட்டு மணி இருபத்தஞ்சாவது நிமிஷம். அதாவது புதன் காலையில பதினொண்ணு அஞ்சு. பெட்டியில அந்த போனோட பேரும் இருக்கு. அன்புசெல்வன், நீங்களே சொல்றீங்களா?"

அன்புசெல்வன் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டார். பூஜை முடிந்து மின்சாரம் வந்ததும் பெட்டி ஓயாமல் கத்தியதாம். முதலாளி குடும்பத்தோடு வந்திருந்தார். அதை அடக்கக் கடவுச்சொல் வேண்டும்; அது நினைவுக்கு வரவில்லை. கன்னியம்மாவின் கோலமாவு டப்பா பக்கத்தில் கிடந்த குண்டூசியை எடுத்து அமுக்கிவிட்டார். கத்தல் நின்றது.

"ஒரு அக்செப்ட் போட்டா சேந்துடும்னு நெனச்சேன். என் போன்ல அப்பிடித்தான் போட்டேன்," என்றார். "மறுநாள் குழியில வால்வு லூசுன்னாங்க. கதவுல எழுதியிருந்தத நானும் பாத்தேன். அந்த மீட்டர் பழசு, போன்ல பச்சையாக் கீதேன்னு கோபாலை எறங்கச் சொல்லிட்டேன்."

செண்பகம் அவரைப் பார்த்தார். அழவில்லை. "எங்க ஊட்டுக்காரரு கதவப் பாத்து பயந்தாரா?" என்று கேட்டார்.

"கேட்டாரு. நான்தான் ஒண்ணும் ஆவாதுன்னேன்."

கிரேஸ் சரவணகுமாரின் பக்கம் திரும்பினார். கைரேகை பொருந்தவில்லை என்று புதன் காலை ஆறு ஐந்துக்கு ஆதிகேசவன் அவருக்குத் தொலைபேசியில் சொன்னது அலுவலகப் பதிவில் இருந்தது. உலையைப் பற்றவைப்பதைத் தள்ளிப்போடச் சொல்லியிருக்கிறார். ஏழரைக்குள் நல்ல நேரம் போய்விடும் என்று சரவணகுமார் பற்றவைக்கச் சொன்னார். பதினொன்று ஐந்துக்கும் ஆதிகேசவன் இந்த அறையிலிருந்து அழைத்திருந்தார், உலையை நிறுத்தச் சொல்லி. அந்தச் சில நிமிடங்களில்தான் கோபால் குழியில் இறக்கப்பட்டார். சரவணகுமார் இதை மறுக்கவில்லை.

வரதன் எழுந்தார். கடிதத்தை மேசையில் விரித்துவைத்தார். "இத மாத்தி எழுதுங்க. கேட்டுல ஒட்டணும். இன்ஸ்பெக்டருக்கும் இதே போவணும்."

"எங்க ஊட்டுக்காரரு பேரு?" என்றார் செண்பகம். "சீட்டு இல்லாம தானா எறங்கினாருன்னு எழுதிக்கீறாங்களே."

அதுவரை வரதன் அவரிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை. இருவர் ஊருக்கும் நடுவில் ஒரு வாய்க்கால்தான். ஆனால் இவர்கள் தெருவும் அவர்கள் தெருவும் வேறு. இப்போது நாற்காலியை அவர் பக்கம் நகர்த்திவிட்டுத் தாம் நின்றார்.

"நீ உக்காரும்மா. ரெண்டு பேரும் ஒரே தாள்ல வரணும். உன் ஊட்டுக்காரர் பேர மொதல்ல எழுதட்டும்," என்றார்.

சரவணகுமார் பேனாவைத் தேடினார். இம்மானுவேல் தன்னுடையதை நீட்டினார். வாக்குமூலம் வாங்கத் தொழிற்சாலை ஆய்வாளர் இரண்டு மணிக்கு வந்தார். அன்புசெல்வன் அதையே மறுபடியும் சொல்லிக் கையெழுத்திட்டார். மாலைக்குள் புதிய கடிதம் வாயிற்கதவில் ஒட்டப்பட்டது.

திருவாலங்காட்டில் வரதனின் உறவினர் சிலர், ஆதிகேசவன் குழியோரத்தில் கால் தவறி விழுந்தார், நம் வீட்டுப் பிள்ளை அந்தத் தெருக்காரனுக்காக இறங்கியிருக்க மாட்டான் என்று இன்றும் சொல்லி வருகிறார்கள். அது பொய். கோபால் கயிறு இல்லாமல்தான் இறங்கினார்; தீயணைப்புப் படையினர் மேலே தூக்கியபோது அவர் இடுப்பில் கயிறு கட்டியிருந்தது; கயிற்றின் மறுமுனை ஏணியின் மேல் படியில் இரட்டை முடிச்சாக இருந்தது. விழுகிறவன் முடிச்சுப் போட்டுவிட்டு விழுவதில்லை. ஆதிகேசவன் இறங்கினார்.