பொன்னுரங்கத்தின் இருமல்

காலை ஐந்தரை மணிக்குப் பொன்னுரங்கம் வீடு வீடாகக் கதவைத் தட்டிக்கொண்டு வந்தது. கதவுகள் ஒரு சாண் அகலம் திறந்தன. தூக்கம் கலையாத கைகள் வெளியே நீண்டு, நாடிவளையத்தைக் கழற்றிக் கொடுத்துவிட்டு உள்ளே போயின. கடைசி வீட்டைத் தாண்டும்போது அந்த எந்திரத்தின் இரண்டு ரப்பர்க் கைகளிலும் தோள்வரை தொண்ணூற்றைந்து வளையங்கள் ஏறியிருந்தன. வளையல் வியாபாரியைப் போலக் கலகலத்துக்கொண்டு அது சுற்றுக்கூடத்துக்குள் நுழைந்து, ஊருக்கே சேர்த்து நடக்க ஆரம்பித்தது.

அந்த ஊருக்குப் பெயர் சேந்தன்குடி. செவ்வாய்க் கோளின் தரைக்கடியில் தொண்ணூற்றாறு பேர் வாழும் குடியிருப்பு. அங்கே உடம்பின் எடை பூமியில் இருப்பதில் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்றே அதிகம், அவ்வளவுதான். நடக்காவிட்டால் எலும்பு சுண்ணாம்பாய் உதிரும் என்று முதல் கப்பலிலேயே சட்டம் போட்டு அனுப்பினார்கள். ஒவ்வொருவரும் எடைச்சட்டை மாட்டிக்கொண்டு நாளுக்கு எட்டாயிரம் அடி நடக்க வேண்டும். அடிகளையும் நாடித் துடிப்பையும் இருமலையும் வியர்வையின் உப்பையும் வளையம் அளந்து நலக்கணியனுக்கு அனுப்பும். நலக்கணியன் என்பது மருத்துவமனைச் சுவருக்குள் இருந்த கணினி. யார் வேலைக்குப் போகலாம், யார் படுத்திருக்க வேண்டும், யாருக்கு என்ன மருந்து என்று அது சொன்னால் சொன்னதுதான்.

சட்டம் வந்த மூன்றாம் மாதமே, தண்ணீர் ஆலையில் வேலை பார்த்த தணிகைவேல், சும்மா கிடந்த சுமைதூக்கி எந்திரம் ஒன்றின் கைகளில் ரப்பர்க் குழாய் சுற்றினார். அதில் வெதுவெதுப்பான உப்புநீரை நிமிடத்துக்கு எழுபத்திரண்டு முறை துடிக்கவிட்டார். வளையம் அதை மனிதக் கை என்று நம்பிவிட்டது. அந்த எந்திரம்தான் பொன்னுரங்கம். பூமியில் அடி எண்ணும் கருவியை நாயின் கழுத்தில் கட்டி ஓடவிட்டுத் தாங்கள் சோபாவில் சாய்ந்தவர்களின் வம்சம் அல்லவா, ஒருவருக்கும் இது தப்பாகத் தோன்றவில்லை. எல்லாருக்கும் தெரியும். யாரும் இதைப் பற்றிப் பேசமாட்டார்கள்.

தொண்ணூற்றாறாவது வளையம் மட்டும் அதன் சொந்தக்காரியின் கையில் இருந்தது. அவள் பெயர் எழினி. முப்பத்திரண்டு வயது, தனிக்கட்டை, அந்தக் குடியிருப்பிலேயே பிறந்தவள். காற்றுக்குழாய்களில் கசிவு பார்ப்பதும் எந்திரங்களைப் பராமரிப்பதும் அவள் வேலை. பிறக்கும்போதே அவளுக்குச் சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் இருந்தது. உடம்பின் உயிரணுக்களில் உப்பும் நீரும் போய்வரும் வழி பழுதாகிவிடும் நோய் அது. நுரையீரலில் சளி கோந்தாகக் கெட்டிப்படும். செரிமானத்துக்கான மாத்திரை இல்லாமல் சாப்பிட்டால் சோறு உடம்பில் ஒட்டாது. வியர்வையோடு உப்பு கொட்டிப் போகும். இந்த நோய்க்காரர்களில் பெரும்பாலோருக்கு எப்போதோ நல்ல மருந்து வந்துவிட்டது. எழினிக்கு வாய்த்த அபூர்வ வகைக்கு எதுவும் பலிக்கவில்லை.

அதனால் அவள் ஓடினாள். உப்புநீர்ப் புகையை இழுத்து, மார்பைக் குலுக்கும் அதிர்வுச் சட்டையை இருபது நிமிடம் போட்டுக்கொண்ட பிறகு, சுற்றுக்கூடத்தில் நாற்பது நிமிடம் ஓடுவாள். ஓட ஓட உள்ளே கெட்டிப்பட்டது இளகும். சுவரைப் பிடித்துக்கொண்டு குனிந்து, வாயைத் திறந்து, கண்ணாடியில் ஆவி ஊதுவது போல 'ஹஃப், ஹஃப்' என்று அடிவயிற்றிலிருந்து காற்றைத் தள்ளி இருமி வெளியேற்றுவாள். மறுபடி ஓடுவாள். ஓர் இடத்தில் உட்கார அவளுக்குத் தெரியாது. சாப்பிடும்போதும் ஒரு கால் ஆடிக்கொண்டே இருக்கும். உட்கார்ந்தால் மூழ்கிவிடுவோம் என்ற பயம் அவளுக்குச் சின்ன வயதிலேயே காலில் ஏறிவிட்டது.

அந்த ஆண்டு நலக்கணியனைப் புதுப்பித்தார்கள். பூமியில் எழுதிய பழைய அட்டவணை இனி வேண்டாம், ஆரோக்கியம் என்றால் என்ன என்பதை ஊர்க்காரர்களின் பதிவுகளைப் பார்த்து வாரந்தோறும் அதுவே கற்றுக்கொள்ளட்டும் என்று ஏற்பாடு. அது பார்த்தது. தொண்ணூற்றைந்து பேர் ஒரே வேகத்தில் நடந்தார்கள், ஒரே மாதிரித் துடித்தார்கள், ஒருவரும் இருமவில்லை. ஒருத்தி மட்டும் ஓடினாள், நின்றாள், நாடி நூற்றறுபதுக்கு எகிற இருமினாள். மூன்றாம் வாரம் எழினிக்கு உத்தரவு வந்தது: கடுமையான உடல்நலக் குறைவு, திங்கட்கிழமை முதல் முழு ஓய்வு, பணியிடமும் சுற்றுக்கூடமும் திறக்கா.

படித்து முடிப்பதற்குள் அவள் மருத்துவமனையில் நின்றாள். மருத்துவர் ஃப்ளோரன்ஸ் அமலதாசுக்கு ஐம்பத்தெட்டு வயது. நல்ல மனுஷி, ஆனால் நோயாளியைத் தொட்டுப் பார்த்துப் பல வருஷம் ஆகியிருந்தது. பத்து நாள் படுத்தால் நுரையீரல் நிரம்பிவிடும், ஓட்டம்தான் தனக்குப் பாதி மருந்து என்று எழினி அறைக்குள் நடந்துகொண்டே சொன்னாள். மருத்துவர் திரையைக் காட்டினார். ஆரோக்கியக் கோடு பச்சையில் நேராகப் போயிற்று. எழினியின் கோடு அதன்மேல் முள்வேலியாகக் கிடந்தது.

"அந்தப் பச்சைக் கோடு யாரோடது, டாக்டர்?"

"ஊர்ல எல்லாரோடதும்."

"உங்க வளையம் எங்கே?"

ஃப்ளோரன்ஸ் சட்டைக் கையை மணிக்கட்டுக்குக் கீழே இழுத்துவிட்டுக்கொண்டார். பிறகு குரலைத் தாழ்த்தி, தான் எழுதிக் கொடுத்தாலும் கணியன் ஏற்காது, நீயும் வளையத்தை மற்றவர்கள் மாதிரிக் கொடுத்துவிடு என்றார்.

எழினிக்கு அழுகை வந்தது. வேறு வழியும் தெரியவில்லை. மறுநாள் கதவிடுக்கில் அவள் கையும் நீண்டது. பொன்னுரங்கத்துக்குத் திறந்த கதவில் கூடவே நுழைந்து, வெறுங்கையோடு அவள் ஓடினாள். அவளுக்கு முன்னால் பொன்னுரங்கம் அவளுக்கும் சேர்த்து நிதானமாக நடந்தது. ஏழாம் நாள் ஓய்வு உத்தரவு ரத்தானது. கூடவே இன்னொரு செய்தி வந்தது: பூரண குணம், வாழ்த்துகள், இனிச் சிகிச்சை தேவையில்லை. மதியத்துக்குள் ஒரு வண்டி வந்து அதிர்வுச் சட்டையையும் புகைக் கருவியையும் எடுத்துக்கொண்டு போயிற்று. கையிருப்பில் நாற்பது நாள் மாத்திரை மிச்சம்.

"இதுல ரெண்டே கட்டம்தாம்மா இருக்கு," என்றார் ஃப்ளோரன்ஸ், அவள் முகத்தைப் பார்க்காமல். "நல்லா இருக்கிறவங்க ஓடலாம், மருந்து கிடையாது. நோயாளிக்கு மருந்து உண்டு, படுத்தே கிடக்கணும். நோயோட ஓடுறவளுக்குக் கட்டமே இல்ல."

அவள் தணிகைவேலிடம் போனாள். ஒரே ஒரு வாரம் எல்லாரும் வளையத்தை நிஜமாகவே மாட்டிக்கொண்டால் கணியனுக்கு நிஜம் புரிந்துவிடும் என்றாள். அவர் நியாயமான மனிதர்தான். யோசித்துப் பார்த்துவிட்டுத்தான் தலையை ஆட்டினார்.

"நிஜத்தைக் காட்டினா ஊரையே படுக்கப் போட்டுடும், தங்கச்சி. அப்புறம் தண்ணி யாரு விடுறது, காத்து யாரு விடுறது?"

எழினி அன்று முழுவதும் கூடத்தைச் சுற்றிச் சுற்றி வந்தாள். நோயோடு ஓடுகிறவளுக்குக் கட்டம் இல்லை, சரி. ஆனால் கட்டம் போடுவது கணியன். கணியனுக்குக் கற்றுக்கொடுப்பது பொன்னுரங்கம். பொன்னுரங்கத்துக்கு வாராவாரம் செவ்வாய்க்கிழமை எண்ணெய் போடுவது யார்? அவள் நின்றுவிட்டாள். ஓட்டத்தின் நடுவே இருமலுக்காக அல்லாமல் அவள் நின்றது அதுதான் முதல் தடவை.

அடுத்த செவ்வாய்க்கிழமை அவள் எந்திரத்தின் மார்புக்குள் ஒரு சின்னத் துருத்தி வைத்தாள். முதல் வாரம் பொன்னுரங்கம் நாளுக்கு ஒரே ஒரு தரம் இருமிற்று. நடையின் நடுவே அரை நிமிடம் ஓடிற்று. குழாய் நீரில் ஒரு சிட்டிகை உப்பு கூடிற்று. கணியன் அதை விழுங்கிக்கொண்டது. தொண்ணூற்றாறு பேரும் ஒரே சமயத்தில் ஒரே மாதிரி இருமுவதில் அதற்கு ஒரு சந்தேகமும் வரவில்லை. இத்தனை பேருக்கு இருந்தால் அது இயல்புதானே.

ஆனால் இந்த வேகத்தில் போனால் பொன்னுரங்கம் அவளைப் போலவே ஓடி இருமுவதற்கு அறுபது நாள் ஆகும். மாத்திரை நாற்பது நாளுக்குத்தான். பொறுக்க முடியாமல் மூன்றாம் வாரம் அவள் இருமலை ஆறாக்கினாள். அன்று சாயங்காலமே வயதில் மூத்த ஒன்பது பேருக்கு மஞ்சள் எச்சரிக்கை போயிற்று. அவள் ஓடிவந்து இருமலை இரண்டுக்கு இறக்கினாள். அதன்பிறகு அவசரப்படவில்லை. மாத்திரையைப் பாதியாக உடைத்துச் சாப்பிட்டாள். வயிறு முறுக்கியது. ஐந்தாம் வாரம் நான்கு கிலோ குறைந்திருந்தாள், எடைச்சட்டை தோளில் நிற்காமல் நழுவியது. அதிர்வுச் சட்டை இல்லாத குறைக்கு முதுகைச் சுவரில் மோதி மோதித் தட்டிக்கொண்டாள். நாற்பது நிமிட ஓட்டம் முப்பதானது, இருபத்தைந்தானது. ஒரு நாள் மருத்துவர் ஃப்ளோரன்ஸ் எதிரே வந்தவர், அவள் சுவரைப் பிடித்தபடி மூச்சு வாங்குவதைப் பார்த்து நின்றார். பிறகு தன் வெறும் மணிக்கட்டைப் பார்த்துக்கொண்டே போனார். சாகிறோமோ என்று எழினிக்கு உண்மையாகவே பயமாக இருந்தது.

ஐம்பத்தெட்டாம் நாள், உறையில் மூன்று பாதி மாத்திரை மிஞ்சியிருக்கும்போது, கணியன் எல்லா வீட்டுக்கும் அறிவிப்பு அனுப்பியது. குடியிருப்பு மக்கள் அனைவரும் நலம். தினசரி நாற்பது நிமிட ஓட்டமும் பன்னிரண்டு இருமலும் ஆரோக்கியத்தின் அடையாளம். இந்த உடல்வாகுக்குத் தேவையான உப்பும் செரிமான மாத்திரையும் இன்று முதல் உணவுப்பங்கில் சேரும். புகைக் கருவியும் அதிர்வுச் சட்டையும் சுற்றுக்கூடத்தில் பொதுவில் வைக்கப்படும்.

உணவுக்கூடத்தில் ரசத்துக்குப் பக்கத்தில் மாத்திரைக் கிண்ணம் வந்து உட்கார்ந்தது. எழினி முழுசாக இரண்டு போட்டுக்கொண்டு மூன்று தரம் சோறு வாங்கினாள். தன் வீட்டுக்காரருக்குப் பன்னிரண்டு இருமலும் குறையாமல் வருகிறது என்று ஒரு அம்மாள் அடுத்த மேசையில் பெருமை பேசிக்கொண்டிருந்தாள். அந்த வீட்டுக்காரர் பாயசத்தில் முழுகியிருந்தார், அவர் இருமி யாரும் கேட்டதில்லை.

பத்து நாள் கழித்து, எழினி ஓடப் புறப்படும் நேரத்தில், ஃப்ளோரன்ஸ் கூடத்து வாசலில் காத்திருந்தார். கையில் ஒரு தாள். அவர் மணிக்கட்டில் வளையம் இருந்தது.

அதைக் கழற்றிக் கொடுக்க வெட்கமாகிப்போய் ஒரு மாதமாகத் தானே மாட்டிக்கொண்டு நடப்பதாகச் சொன்னார். எழினி இளைத்துக்கொண்டே போவதைப் பார்த்த அன்றைக்குத்தான் ஆரம்பித்தாராம். நாளுக்கு எட்டாயிரம் அடி, ஒரு நாள்கூடத் தவறவில்லை. முழங்கால் வலி போய்விட்டது, நன்றாகத் தூக்கம் வருகிறது. பிறகு தாளை நீட்டினார். இருமல் இல்லை, வியர்வையில் உப்பு போதவில்லை, நாடி எழும்பவில்லை. கடுமையான உடல்நலக் குறைவு, திங்கட்கிழமை முதல் முழு ஓய்வு, மருத்துவமனை திறக்காது.

எழினிக்குச் சிரிப்பு வந்தது. அதை அடக்கப் போய் இருமல் வந்தது. வளையத்தைப் பொன்னுரங்கத்திடமே திருப்பிக் கொடுத்துவிடுங்கள், ஒரே வாரத்தில் சரியாகிவிடும் என்றாள்.

"மாட்டேன்மா. இத்தனை வருஷம் கழிச்சு இப்பதான் நடக்கப் பழகியிருக்கேன்." அவர் தாளை நாலாக மடித்தார். "எனக்கு இருமக் கத்துக்குடு."

"அதுக்கு முதல்ல ஓடணும், டாக்டர்."

இருவரும் ஓடினார்கள். இரண்டு சுற்றுக்குள் ஃப்ளோரன்ஸுக்கு மூச்சு இரைத்தது. எழினி அவரைச் சுவரோரம் நிறுத்தி, குனியச் சொல்லி, கண்ணாடியில் ஆவி ஊதுவது போல அடிவயிற்றிலிருந்து தள்ளச் சொன்னாள். மருத்துவர் தள்ளினார். உள்ளே ஒன்றும் இல்லாததால் வெறும் காற்றுதான் வந்தது. ஆனாலும் வளையத்தில் பச்சை விளக்கு எரிந்து, உடல்நிலையில் நல்ல முன்னேற்றம் என்று எழுத்து ஓடிற்று. ஃப்ளோரன்ஸ் அதைப் பார்த்து ஒரு குழந்தையைப் போலச் சந்தோஷப்பட்டு, இன்னொரு தரம் இருமினார்.

பக்கத்தில் எழினி சுவரைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வர, நெஞ்சைக் கிழித்துக்கொண்டு வந்த சளியைத் துணியில் துப்பினாள். அவள் கையில் வளையம் இல்லை. வாயைத் துடைத்துக்கொண்டு மறுபடி ஓட ஆரம்பித்தாள்.