பேகம்பூர் வீட்டு மூலப்பத்திரம்

காலை 9.10. பீரோவைத் திறந்தார்கள். பத்திரப் பை இல்லை.

பேகம்பூரில் தோல் வியாபாரம் செய்து ஓய்ந்து, தனியாக இருக்கும் நூர் முகமது, தம் வீட்டைக் குடும்ப டிரஸ்டுக்கு மாற்றி எழுதவிருந்த நாள் அது. உயிருள்ளவரை அவரே நிர்வாகி. அவருக்குப் பின் மகன் இஷாக்குக்கும் மகள் ரஃபியாவுக்கும் சரிபாதி. டிரஸ்ட் இல்லாவிட்டால் மார்க்கச் சட்டப்படி மகனுக்கு இரண்டு பங்கு, மகளுக்கு ஒன்றுதான். பதிவு அலுவலகத்தில் 11.30-க்கு டோக்கன். மூலப்பத்திரம் காட்டாமல் பதிய மாட்டார்கள்.

ரஃபியா போலீஸைக் கூப்பிட்டுவிட்டாள்.

காலை 9.45. சப்-இன்ஸ்பெக்டர் அறிவுச்செல்வி ஷூவைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தாள். தனி ஆள் இருக்கும் வீடு அவளுக்குத் தெரியும். போலீஸ் குடியிருப்பில் அவளுக்கும் ஒரு தட்டு, ஒரு தம்ளர்தான். இங்கே நெய்யும் பட்டையும் மணத்தன. முற்றத்துச் சுவரில், நாலு பேர் சுற்றி உட்கார்ந்து உண்ணும் பெரிய சஹன் தட்டு கழுவிச் சாய்த்திருந்தது. பெரியவர் மெத்தை போட்ட நாற்காலியில் இருந்தபடியே சலாம் சொன்னார்.

"பீரோ சாவி?"

"ஜன்னல்லதான் கெடக்கும். நேத்து சாயங்காலம் நான் பார்த்தப்ப பத்திரம் இருந்துச்சு," என்றான் இஷாக்.

"கேட்டீகளா மேடம்? கடைசியாப் பார்த்தவரு இவருதான்," என்றாள் ரஃபியா.

"ஏய், என்னைத் திருடன்னு சொல்றியா?"

"பாதி போகுதேன்னு வயிறு எரியுதுல்ல?"

"நீ ரொம்ப ஒழுங்கு! பெருநாளைக்குக்கூட அத்தாவுக்குப் போன்லதானே மூஞ்சியக் காட்டின?"

"நீங்க மட்டும் வந்தீகளாக்கும்?"

பெரியவர் தரையைப் பார்த்தார்.

"பதிவு முடிஞ்சதும் எங்க போறதா இருந்தீங்க?" என்று பிள்ளைகளைக் கேட்டாள் அறிவுச்செல்வி.

"எனக்கு மதுரையில மூணு மணி ஃபிளைட்டு. அவளுக்கு ஒரு மணி ரயில். ஆபீஸ்லேர்ந்தே கிளம்பிருவோம்னு அத்தாகிட்ட நேத்தே சொல்லியாச்சு. பெட்டியெல்லாம் கார்ல இருக்கு."

"சமையல் யாரு?"

"நாந்தேம்மா. விடியக்காலை பஜ்ரு தொழுதுட்டு நேரா கறிக்கடைக்குப் போயிட்டேன்," என்ற பெரியவர் மகளிடம் திரும்பினார். "பிரியாணி தம் ஆயிருக்கும், ரஃபியா. செத்த பாரு." அவர் எழவில்லை.

காலை 10.20. அறிவுச்செல்வி ஸ்டூலை அவர் பக்கம் இழுத்துப் போட்டாள்.

"ஐயா, கேஸ் எழுதினா மொதல்ல உங்க மகனைத்தான் ஸ்டேஷனுக்குக் கூட்டிட்டுப் போகணும். கொஞ்சம் எந்திரிக்கிறீங்களா?"

அவர் கை மெத்தையின் ஓரத்தைப் பற்றியது.

"எடுத்தது உங்க பிள்ளைங்க இல்ல. நீங்கதான்," என்றாள் அவள். "பத்திரம் இல்லைன்னு தெரிஞ்சது ஒன்பது பத்துக்கு. நீங்க கறி வாங்கினது விடியக்காலை. மத்தியானம் ரெண்டு பேரும் இங்க இருக்க மாட்டாங்கன்னு நேத்தே தெரியும். ஒத்தை ஆளு சாப்பிட எதுக்கு சஹன்? அவங்க கிளம்ப முடியாதுன்னு உங்களுக்கு மட்டும் முன்னாடியே தெரிஞ்சிருக்கு. விடியல்லேர்ந்து ஓடியாடி சமைச்ச மனுசன், போலீஸ் வந்தும் எந்திரிக்கல. அடுப்பைப் பார்க்கவும் எந்திரிக்கல."

நூர் முகமது எழுந்தார். மெத்தைக்கு அடியில் மஞ்சப்பை.

"கையெழுத்துப் போட்டுட்டா, பெறகு இந்த வீட்டுல உங்களுக்கு என்ன வேலை?" அவர் பிள்ளைகளைப் பார்க்காமல் சொன்னார். "ஒரு வேளை சோறு... இருந்து தின்னுட்டுப் போவீகன்னு..."

இஷாக் வெளியே போனான். கார் கதவுச் சத்தம் கேட்டது. போய்விட்டான் என்றே அறிவுச்செல்வி நினைத்தாள். இரண்டு கைகளிலும் இரண்டு பெட்டிகளோடு அவன் திரும்பி வந்தான்.

"டோக்கன் நாளைக்குப் போட்டுக்கலாம், அத்தா."

காலை 11.30. பாயில் சஹன் இறங்கியது. மூன்று பக்கம் மூன்று பேர். நாலாவது பக்கம், பெரியவரின் மனைவி இறந்ததிலிருந்து காலி.

"இங்கிட்டு உக்காருங்க மேடம்," என்று ரஃபியா பாயைத் தட்டினாள்.

அறிவுச்செல்வி நோட்டில் 'பொருள் வீட்டிலேயே கிடைத்தது' என்று எழுதி மூடினாள். பிறகு தொப்பியைக் கழற்றினாள்.