பெட்டி மேல் ஒரு மகாராஜா!

அரியணைக்காக மனித குலம் சிந்திய ரத்தத்தை அளந்து சொல்ல எந்தச் சரித்திர ஆசிரியனாலும் முடியாது!

சாம்ராஜ்யங்கள் சரிந்தன... மகுடங்கள் உருண்டன...

சூரியநெல்லிக்கு மேலே, ஒரு எஸ்டேட்டின் ஸ்டாஃப் கிளப்பில், அந்த ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் இன்னொரு மகுடம் உருண்டது.

தேயிலைப் பெட்டிக்குள் ஒட்டும் ஈயத்தாளில் செய்த மகுடம்.

அரியணை...? அந்தப் பெட்டியேதான். கவிழ்த்துப் போட்டிருந்தார்கள்.

அதன்மேல் உட்கார்ந்தபடியே செத்திருந்தார் மகாராஜா ஆசீர்வாதம். வார நாட்களில் ஃபாக்டரியில் டீ மேக்கர்.

விழிகள் பிதுங்கி... கடைவாயில் நுரை தள்ளி... இரண்டு கைகளும் பெட்டியின் விளிம்பைக் கவ்வியபடி!

"ஐயோ சேசுவே...!"

கிளப்பைக் கூட்ட வந்த செபமாலையம்மாளின் அலறலில் லயத்து வரிசை வீடுகளின் ஜனம் மொத்தமும் ஓடி வந்தது.

அந்த எஸ்டேட்டில் இரண்டு மதங்கள் இருந்தன. இரண்டுக்கும் கோயிலில் இடமில்லை.

ஒன்று, ராஜா-மந்திரி. மற்றது, கள்ளன்-போலீஸ்.

பிள்ளைகளின் விளையாட்டுதான். மீசைக்காரர்கள் எடுத்துக்கொண்ட பிறகு பிள்ளைகளைப் பக்கத்தில் சேர்ப்பதில்லை. ஞாயிறு பூசை முடிந்ததும் இரண்டு கட்சியும் தனித்தனியாகச் சீட்டுக் குலுக்கும். வந்த வேஷம் பொழுது சாயும்வரை நிற்கும். ராஜா பெட்டியை விட்டு இறங்கினால் பட்டம் மந்திரிக்குப் போய்விடும். பட்டம் ஏறுகிறவன் ராஜா டம்ளரில் ஒரு மடக்குக் குடிக்க வேண்டும். கள்ளன் தோளில் போலீஸ் கை பட்டால், என்ன கேட்டாலும் 'நான்தான்' என்று ஒப்புக்கொள்ள வேண்டும். பதுங்கிய இடத்தை மட்டும் சொல்லக் கூடாது.

ஒரு கட்சிக்காரன் இன்னொரு கட்சிக்காரன் வீட்டில் பெண் எடுப்பதுகூடக் கிடையாது!

மேனேஜர் பங்களாவில் விருந்து சாப்பிட்டுக்கொண்டிருந்த எஸ்.ஐ. ஏப்பத்தோடு வந்து சேர்ந்தார். மலையாளி. மலைக்கு வந்து கொஞ்சம் தமிழும் சேர்த்துக்கொண்டவர்.

எஸ்டேட் கம்பவுண்டர் ராஜாவின் பித்தளை டம்ளரை நீட்டினார். "கட்டன் சாயா சார். பாதி மிச்சம் இருக்கு. வாடை சரியில்ல. எதையோ கலந்திருக்காங்க."

"இயாளுக்கு விரோதி ஆரு?" எஸ்.ஐ. பிணத்தைக் காட்டினார்.

"இவந்தான் சார்!"

கையை நீட்டியது மந்திரி யாக்கோபு. ஆபீஸ் கிளார்க். மந்திரிக்கான காகிதச் சால்வையைக் கழற்றக்கூட மறந்திருந்தார்.

"சிலுவைராஜ். ஜீப் டிரைவர். கள்ளன் கட்சிக்குத் தலைவன். 'ஒங்க ராஜா பெட்டியோடதான் போவாரு'ன்னு நடுரோட்டுல வச்சுச் சொன்னவன் சார் இவன்!"

சிலுவைராஜுக்கு அன்று விழுந்த சீட்டு, கள்ளன். அலறல் கேட்டு எங்கிருந்தோ ஓடி வந்து கூட்டத்தில் நின்றிருந்தான்.

எஸ்.ஐ.யின் கை அவன் தோளில் விழுந்தது.

"இத்தற நேரம் எவிடடா இருந்தே?"

"சொல்ல முடியாது சார்."

"நீயா கொன்னது?"

சிலுவைராஜ் தன் கட்சி ஆட்களைத் திரும்பிப் பார்த்தான்.

ராஜா கட்சிக்குள்ளிருந்து ஒரு குரல் எகிறியது. "போலீஸ் கை பட்டாச்சுல்லா? இப்பம் சொல்லச் சொல்லுங்கலே! கள்ளன் கட்சி லெச்சணம் ஊருக்கே தெரியட்டும்!"

சிலுவைராஜ் நெஞ்சை நிமிர்த்தினான்.

"நாந்தான் சார்!"

கள்ளன் கட்சி கை தட்டியது!

தட்டாதவள் ஒருத்திதான். அவன் மனைவி ஞானஜோதி. கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்தாள்.

"கிறுக்குப் புடிச்சிருச்சா ஒங்களுக்கு? இது நெசப் போலீசு!"

"போலீசுன்னா போலீசுதான். நெசம், பொய்னு நம்ம ரூல்ல இல்லட்டி."

"தூக்குல போட்டிருவாங்க!"

"பொழுது சாஞ்சா வேஷம் கலைஞ்சிரும். அப்பம் இல்லைன்னு சொல்லிக்கிடலாம்."

"பொழுது சாயுறப்ப நீங்க ஸ்டேஷன்ல கெடப்பீக!"

அவள் சொன்னதில் தப்பில்லை. எமர்ஜென்சி நடந்துகொண்டிருந்த எழுபத்தாறாம் வருஷம். ஜீப்பில் ஏறியவன் எப்போது இறங்குவான், எத்தனை எலும்போடு இறங்குவான் என்று யாரும் கேட்க முடியாது.

ஞானஜோதி எஸ்.ஐ.யின் பக்கம் திரும்பினாள்.

"சார்... அந்தச் சாயாவக் கொடுத்தது யாருன்னு கேளுங்க!"

"நான் கொடுத்தேன்," என்றார் யாக்கோபு மிடுக்காக. "மந்திரி கையால மட்டுந்தான் ராஜா குடிக்கணும். அதுல எனக்குத் தெரியாம இந்தப் பய கலந்துட்டான்."

"பிரதி... குற்றவாளி சம்மதிச்சு. கேஸ் முடிஞ்சு." எஸ்.ஐ. கைவிலங்கை எடுத்தார். பங்களாவில் பாயசம் ஆறிக்கொண்டிருந்தது.

விலங்கு 'க்ளிக்' என்றது!

ஞானஜோதியின் கண்கள் அலைந்தன... பிணம்... பெட்டி... தரையில் கிடந்த மகுடம்... அதையே வெறித்துக்கொண்டிருந்த யாக்கோபு!

ஒரு விநாடிதான். மகுடத்தை எடுத்துத் துடைத்தாள்.

"மந்திரி அண்ணாச்சி, ராஜா செத்துட்டா அடுத்த ராஜா யாரு?"

"மந்திரிதான். அது ரூலு."

"அப்பம் சிம்மாசனம் சும்மா கெடக்கலாமா? பொழுதுதான் இன்னும் சாயலையே! எங்காளுங்க பாத்தாச் சிரிக்க மாட்டாகளா, ராஜா இல்லாத ராஜா கட்சின்னு?"

ராஜா கட்சிக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. பிணத்தை மெல்ல இறக்கிப் பாயில் கிடத்தினார்கள்.

கெட்டிக்காரனாக இருந்தால் யாக்கோபு அப்போதே நழுவியிருப்பார். ஆனால் அவர் மந்திரி. பெட்டி காலியாக இருந்தது.

உட்கார்ந்தார்!

ஞானஜோதியே மகுடம் சூட்டினாள். கம்பவுண்டர் கையிலிருந்த டம்ளரை வெடுக்கென்று வாங்கி நீட்டினாள்.

"பட்டம் ஏறுனா, ராஜா டம்ளர்ல ஒரு மடக்குக் குடிக்கணும்லா? குடிங்க மகாராஜா!"

யாக்கோபு டம்ளரைப் பார்த்தார். நெற்றியில் வேர்வை ஈயத்தாளோடு சேர்ந்து மின்னியது.

"எனக்கு... தாகமா இல்ல."

"ரூலு அண்ணாச்சி!"

"வேண்டாம்டீ!" டம்ளரைத் தட்டிவிட்டார். "கொல்லணும்னு கலக்கல சார்! சத்தியமா! நேர்வாளங்கொட்டைதான்... பேதிக்கு! வயித்தப் புடிச்சிக்கிட்டு எறங்கி ஓடுவார், பட்டம் எனக்கு வரும்னு வெளிய வாசல்லயே காத்துக்கெடந்தேன். என் கல்யாணத்துக்கு முந்தியிருந்து மந்திரி சார் நான்! ஒரு ஞாயித்துக்கெழமைகூட ராஜாச் சீட்டு விழல!"

கம்பவுண்டர் குனிந்து பிணத்தின் கடித்த உதட்டையும் வெளுத்த விரல்களையும் பார்த்தார்.

"எழுந்து போயிருந்தாப் பொழச்சிருப்பாரு. ஏற்கெனவே நெஞ்சு வலிக்கு எங்கிட்ட மருந்து வாங்குற மனுசன். பட்டம் போயிருமேன்னு அடக்கி அடக்கி நெஞ்சு நின்னுருக்கு. வெளிய ஓடலாம்னாலும் இருட்டா என்ன, கிளப்பச் சுத்தி ஜனம். மகுடத்தோட தேயிலைக்குள்ள குத்த வைக்க மனசு வந்திருக்காது."

எஸ்.ஐ. முனகிக்கொண்டே விலங்கை மாற்றிப் பூட்டினார். யாக்கோபு மகுடத்தைக் கழற்ற மறுத்ததால், அப்படியே ஜீப்பில் ஏற்றினார்கள்.

பொழுது சாய்ந்தது.

லயத்துப் பாதையில் ஞானஜோதி முன்னே நடந்தாள்.

"இப்பமாவது சொல்லலாம்லா? மதியத்துல இருந்து எங்க பதுங்கியிருந்தீக?"

சிலுவைராஜ் அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

"கிளப்புலதான்... பின்னாடி. உள்ள தாழ்ப்பாப் போட்டுக்கிட்டு."

"ம்...?"

"ஒருத்தர் வந்து தட்டுனாரு. 'தெறலே... நான் ஆசீர்வாதம்ல... தெற'ன்னு அழுத கொரல். எங்க கட்சிப் போலீசுதான் கொரல மாத்திப் பேசி என்னைய வெளிய இழுக்கப் பாக்கான்னு நெனச்சேன். மூச்சே விடல. கொஞ்ச நேரம் தட்டிட்டுத் திரும்பிப் போயிட்டாரு."

ஞானஜோதி நின்றுவிட்டாள்.

அந்தக் கிளப்பில் கக்கூஸ் ஒன்றுதான் இருந்தது.