கல்லுக்கிடங்கின் ஊற்று

பானையைத் திறந்தபோது சோறு துருநிறமாக இருந்தது. மகாதேவி அதை மூடிவைத்தாள். அவளுக்கு ஏழாம் மாதம். கிணற்றில் சிவப்புக் கண்ட பிறகு இரண்டு பிள்ளைகள் உயிரில்லாமல் பிறந்திருந்தன. இந்த மூன்றாவதும் அந்தத் தண்ணீரில்தான் வளர்ந்துகொண்டிருந்தது.

அவள் புருஷன் கனகசபாபதி அன்றே கிணறு இறைக்க ஆள் கூப்பிட்டான்.

தெற்கு வேலிக்கு அப்பால், றோட்டுக்குக் கல்லுடைத்த குத்தகைக்காரன் முப்பதாம் ஆண்டில் விட்டுப்போன கிடங்கு இருந்தது. அவனுடைய எஞ்சின் தின்ற நிலக்கரியின் கழிவு அதற்குள் குவியலாகக் கிடந்து, மழைக்கு மழை ஊறி, சுண்ணாம்புக்கல் பொந்துகள் வழியே கிணற்றுக்கு வந்தது. பொந்தை அடைத்தால் தண்ணீர் தெளியும் என்று கனகசபாபதி நம்பினான்.

கூலிக்கு வந்த யாகோப்பும் அவன் தம்பியும் துலாவில் ஏறி மிதித்து இறைத்தார்கள். தண்ணீர் முழங்காலுக்கு இறங்கியதும், களிமண்ணும் சுண்ணாம்பும் பிசைந்து நிரப்பிய ஓலைக் கடகத்தோடு கனகசபாபதி கயிற்றில் இறங்கினான்.

மேலே வெயில் ஒரு தட்டளவாகச் சுருங்கியது. சுவரெல்லாம் செம்படலம் வழுவழுத்து, பழைய இரும்பை நாக்கில் வைத்ததுபோன்ற நெடி தொண்டைவரை இறங்க, துலாவின் கிறீச்சொலி தூரத்து வீடொன்றில் யாரோ முனகுவதுபோல வந்து வந்து ஓய்ந்தது.

"என்ன அண்ணை, நித்திரையே? பாயும் தலகணியும் இறக்கட்டோ?" என்றான் யாகோப்பு.

"வாயை மூடிக்கொண்டு மிதியடா."

தென்சுவரில், இடுப்பளவில், தேங்காய் நுழையும் பொந்து. சிவப்பு நீர் வழிந்துகொண்டிருந்தது. களியை உருட்டி அழுத்தினான். நின்றது.

பிறகு களி மெல்ல வெளியே வந்தது.

மறுபடி அழுத்தினான். மறுபடியும் வந்தது. தண்ணீர் என்றால் ஓயாமல் தள்ளும். இது தள்ளியது, பொறுத்தது, இடம் மாறித் தள்ளியது. மகாதேவியின் வயிற்றில் கை வைத்தால் உள்ளங்கையில் படுகிற அதே உதை.

இரண்டு பிள்ளைகளையும் புதைத்தது அவன்தான். வீட்டு வளவெல்லாம் பாறை, அலவாங்குக் கம்பி இறங்கவில்லை. ஒருவருக்கும் சொல்லாமல், கிடங்கின் மெத்தென்ற கரிச்சாம்பலில்தான் வைத்து மூடினான்.

"யாகோப்பு..."

துலா கிறீச்சிட்டதில் அது மேலே கேட்கவில்லை.

களி பிளந்தது. ஒரு சின்னக் கை. துருநிறம். நகங்கள்கூட இருந்தன. அவனுடைய சுட்டுவிரலைச் சுற்றிப் பிடித்தது, பிறந்த பிள்ளை பிடிப்பதுபோல.

"இஞ்சாருங்கோ!"

மகாதேவி கிணற்றுக்கட்டைப் பிடித்துக் குனிந்தாள். அவளுடைய வயிறு பாதி வெயிலை மறைத்தது. "நிண்டுட்டுதோ? இனிக் குடிக்கலாமோ?"

விரலை இழுத்தான். வரவில்லை. ஓரங்களால் சிவப்பு நீர் கொப்பளித்தது.

"ஓம்," என்றான். "அடைச்சுக்கொண்டிருக்கிறன்."

இடக்கையால் களி அள்ளினான். அந்தச் சின்ன விரல்களின்மேல் அப்பினான். இன்னும் அப்பினான். சுண்ணாம்பு சுட்டது. களிக்குள்ளே பிடி இறுகியது.

அதற்குக் கீழே, வழி துழாவிக்கொண்டு, இன்னொரு கை.