ஆட்டாத கோப்பை

அன்றைக்கு வாய்க்காலின் சத்தம் மாறியிருந்தது. முத்லக்கின் சாப்பாட்டுக் கடைச் சுவரை ஒட்டி, ஊற்றிலிருந்து பேரீச்சந் தோப்புக்கு ஓடும் வாய்க்கால் அது. அறுபது வருஷமாக அதன் சலசலப்பைக் கேட்டே தூங்கி எழுந்தவர் அவர். நண்பகல் லுஹர் தொழுகை முடித்துக் கடைக்குள் வந்தபோது அது ஓடுவது போலக் கேட்கவில்லை. யாரோ உதட்டை வைத்து உறிஞ்சுவது போல விட்டு விட்டுக் கேட்டது. வயதானால் காதும் கதை கட்டும் என்று தன்னையே கேலி செய்துகொண்டு ஏலக்காயை இடிக்க உட்கார்ந்தார்.

கடைக்கு இன்று கடைசி நாள். பழைய ஊர்க்காரர்கள் எல்லோரும் நெடுஞ்சாலையோரப் புது வீடுகளுக்குப் போய் மூன்று வருஷமாகிறது. மனைவி முனீரா போன குளிர்காலத்தில் மௌத்தாகி மண்ணுக்குள் போய்விட்டாள். ஒரு காலத்தில் இங்கே இறங்கிச் சாப்பிடாமல் எந்த லாரிக்காரனும் பாலைவனத்துக்குள் வண்டியை விட்டதில்லை. அவர் கிண்டும் கோதுமை ஜரீஷுக்கு வாசலில் ஆள் காத்து நிற்கும். இப்போது பதினோரு நாளாக ஒரு மனித முகம் இல்லை. சமைத்ததைத் தானே தின்று, தட்டைத் தானே கழுவி, சுவரிடம் பேசப் பழகியிருந்தார். தனிமை அவரைப் பாதி தின்றுவிட்டது. சாயங்கால அஸர் தொழுகை நேரத்துக்கு மருமகன் நஹார் வண்டியோடு வந்து கூட்டிப்போவதாகச் சொல்லியிருந்தான். மகள் ஹெஸ்ஸாவுக்குப் பெண் குழந்தை பிறந்து நாற்பது நாள். பாட்டியின் பெயரையே வைத்திருக்கிறார்கள். அந்தப் பேத்தியை அவர் இன்னும் கண்ணால்கூடப் பார்க்கவில்லை. அவளை ஒரு முறை மடியில் வாங்கிக்கொள்ள வேண்டும், அவர் கேட்டது அவ்வளவுதான்.

ஆனாலும் கடைசி நாளில் ஒரு விருந்தாளிகூட வராமல் அடுப்பை அணைக்க மனம் வரவில்லை. வெளியே மணலில் காலடி கேட்டதும், யாரென்று தலையைத் தூக்கிப் பார்க்காமலே குரல் கொடுத்தார். வழியில் போகிறவரைக் கூப்பிடாமல் விடுவது அந்த ஊரில் யாருக்கும் வராது.

"யாரா இருந்தாலும் உள்ள வாங்க. காபி சூடா இருக்கு."

காலடி நின்றது. கொஞ்ச நேரம் கழித்து வாசல் இருண்டது.

வந்தவன் கண்வரை துணி சுற்றியிருந்தான். தூர்ந்துபோன கிணற்றைத் தோண்டும்போது வருகிற நாற்றம் அவனோடு உள்ளே வந்தது. ஸலாம் சொன்னதற்குப் பதில் சொல்லவில்லை. விருந்தாளியிடம் மூன்று நாளைக்குப் பேரும் ஊரும் கேட்கக் கூடாது என்பதால் முத்லக்கும் கேட்கவில்லை. பயப்பட ஒன்றுமில்லை என்று காட்ட, வழக்கப்படி முதல் கோப்பையைத் தானே குடித்தார். அடுத்ததில் அடி நனைகிற அளவுக்கு ஊற்றி அவனிடம் நீட்டினார். கொஞ்சமாக ஊற்றினால் 'இருங்கள்' என்று அர்த்தம். போதுமென்றால் விருந்தாளி காலிக் கோப்பையை இரண்டு தரம் ஆட்டித் திருப்பித் தருவான். ஆட்டுகிறவரை ஊற்ற வேண்டியது வீட்டுக்காரன் கடமை.

அவன் துணிக்கு அடியில் கோப்பையைக் கொண்டுபோய்க் குடித்துவிட்டு நீட்டினான். கை ஆடவில்லை.

பேரீச்சம்பழத்தைத் தொடவில்லை. ஜரீஷ் ஆறி ஏடு கட்டியது. பத்தாவது கோப்பையில் முத்லக் சிரிக்கப் பார்த்தார்.

"வெயில் அப்படி. நல்ல தாகம் போல."

வந்தவன் கோப்பையை மறுபடி நீட்டினான். முதல் கெண்டி தீர்ந்தது. இரண்டாவது கெண்டியும் தீர்ந்தது. பானையில் தண்ணீர் வற்றவும், குடத்தை எடுத்துக்கொண்டு பின்பக்கம் போனார். வாய்க்காலில் தண்ணீர் இல்லை. கூழாங்கற்கள் ஈரமாக மின்னின. அவர் பார்க்கப் பார்க்கவே அந்த ஈரமும் காய்ந்தது.

உள்ளே வந்தார். கோப்பை அதே உயரத்தில், அதே இடத்தில் நீண்டிருந்தது.

பயணத்துக்கென்று எடுத்துவைத்த கேன் தண்ணீரைக் கொதிக்கவைத்தார். நாக்கு அண்ணத்தில் ஒட்டியது. தனக்கு ஒரு வாய் எடுத்துக்கொள்ளத் தோன்றவில்லை, விருந்தாளி குடிக்கும்போது எப்படி எடுப்பது? பிறகு அதுவரை வாழ்க்கையில் செய்யாத ஒன்றைச் செய்தார். விளிம்பு தட்டுமளவு ஊற்றினால் 'எழுந்து போ' என்று அர்த்தம். அதற்காக அந்த ஊரில் குடும்பங்கள் பேச்சுவார்த்தையை விட்டிருக்கின்றன. வெட்கத்தில் காது சுட்டது. ஊற்றினார்.

நிறையவில்லை.

இன்னும் ஊற்றினார். விரல் நீளக் கோப்பை. கெண்டி இலேசானது. அதன் மூக்கிலிருந்து கடைசிச் சொட்டும் விழுந்தது.

கோப்பை நிறையவில்லை. விழுந்த சத்தமும் கேட்கவில்லை.

வெளியே வண்டி வந்து நின்றது.

"மாமா, ஊரே காலி, நீங்க ஈக்குக் காபி ஊத்திக்கிட்டு இருக்கீங்களா?" நஹார் சிரித்துக்கொண்டே நுழைந்தான். வந்தவனைப் பார்த்ததும் மரியாதையாகக் குனிந்து பக்கத்தில் உட்கார்ந்தான். "மன்னிச்சுக்குங்க, ஆள் இருக்கறது தெரியல. மாமா, ஹெஸ்ஸாவும் பாப்பாவும் வண்டியில இருக்காங்க. எனக்கும் ஒரு வாய் ஊத்துங்க, கிளம்பிடலாம்."

அப்போதுதான் வந்தவனின் கை முதல்முறை நகர்ந்தது. கோப்பையை நஹாரிடம் நீட்டினான்.

தடுத்திருக்கலாம். ஒரு விருந்தாளி இன்னொருவருக்குக் கொடுப்பதை நடுவில் கை வைத்துத் தட்டிவிட்டால் போதும். முத்லக்கின் வலது கை தரையிலிருந்து ஒரு சாண் எழுந்தது. அப்படி எந்த வீட்டுக்காரனும் செய்ததில்லை. கை அங்கேயே நின்றுவிட்டது.

நஹார் வாங்கிக்கொண்டான். வாயில் வைத்தான்.

வந்தவன் பெருமூச்சு விட்டான். எழுந்தான். போனான். மணலில் காலடி கேட்கவில்லை.

"நஹார், அதைக் கீழ வை. மாமா சொல்றேன், வைப்பா."

நஹாரின் சிரிப்பு முகத்தில் அப்படியே இருந்தது. கண்ணில் இல்லை. கோப்பையை நீட்டினான்.

வண்டியில் ஹார்ன். இரண்டு தரம். பிறகு கதவு சாத்தும் சத்தம்.

"வராத, ஹெஸ்ஸா. அங்கேயே இரு." கத்தினதாகத்தான் நினைத்தார். வறண்ட தொண்டையில் காற்றுதான் வந்தது.

"ரெண்டு பேரும் என்ன பண்றீங்க? வாப்பா, உங்க பேத்தி உங்களைப் பார்க்காம தூங்க மாட்டேங்கறா." ஹெஸ்ஸா குழந்தையோடு உள்ளே வந்து புருஷன் பக்கத்தில் மண்டியிட்டாள். நஹார் திரும்பினான். கோப்பையைக் குழந்தையின் உதட்டில் வைத்தான்.

"என்னங்க இது, அவளுக்குப் போயி..."

நாற்பது நாள் பிள்ளை. கழுத்து நிற்காத வயது. தாத்தா முகத்தை நேராகப் பார்த்தது. பாட்டியின் கண்கள். பிஞ்சு விரல்கள் ஒவ்வொன்றாகப் பிரிந்து, கோப்பையைச் சுற்றி, இறுக்கிப் பிடித்தன.

கை நீண்டது. ஆடவில்லை.

முத்லக் காலிக் கெண்டியைத் தூக்கிச் சாய்த்தார்.